ரெண்டு சுழி போட்ட பெயர்

புறா வந்தால் நல்லதா கெட்டதா என்று தேடுகிறவன் வலை வாங்க மாட்டான், அவன் சகுனம் பார்க்கிறவன். புறா எச்ச நாற்றம் போக என்ன செய்வது என்று தேடுகிறவள் வாங்கினாலும் வாங்குவாள். பால்கனி புறா வலை ஓசூர் விலை என்று ஐந்து சொல்லையும் சேர்த்துப் போடுகிறவன்தான் ஆள், அவன் மனசுக்குள் எப்போதோ வாங்கிவிட்டான், யாரிடம் என்பது மட்டும்தான் பாக்கி, அந்த ஆளின் கண்ணில் நம் பக்கம் முதலில் பட வேண்டும். இப்படி ஒவ்வொரு சொல்லாக எடுத்து, இது வேண்டும் இது வேண்டாம் என்று பிரித்துக்கொண்டிருந்த கோகிலவாணியின் விரல், செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு, மவுஸின் சக்கரத்தின் மேல் அப்படியே நின்றது. கண் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தது. புறா வலை விற்கும் அந்த வெப்சைட்டின் மேல் மூலையில் ஒரு தேடல் பெட்டி உண்டு. உள்ளே வந்தவர்கள் அதில் என்னென்ன அடித்தார்கள் என்பது ஒரு பட்டியலாகச் சேரும், வாரம் ஒருமுறை அவள் அதை எடுத்துப் பார்ப்பாள், ஜனங்கள் வாயில் வருகிற சொல் எது என்று தெரிந்துகொண்டு அதையே கட்டுரைத் தலைப்பில் வைப்பாள், கடைக்காரர்களுக்கு வெப்சைட் நடத்திக்கொடுக்கும் ஜெபராஜ் சாரின் ஆபீசில் ஒன்றரை வருடமாக அவள் வேலை அதுதான். வலை, வலை ரேட், நைலான் வலை, கம்பி வலை, புறா முட்டை, பூனை ஏறாமல் இருக்க, போன் நம்பர், கோகிலவானி துறையூர், வலை சதுர அடி. அவள் மெதுவாக ஒரு வரி மேலே ஏறினாள். கோகிலவானி துறையூர். நேற்று மதியம் மூன்று பன்னிரண்டுக்கு ஒரு தடவை, மூன்று பதினான்குக்கு ஒரு தடவை. இன்றைக்குக் காலை ஒன்பது ஐம்பதுக்கு ஒரு தடவை. பக்கத்து மேசையில் நஸ்ரீன் யாருக்கோ போனில், "ஆறாவது மாடின்னா கயிறு கட்டித்தான் சார் இறங்கணும், அதுக்குத் தனி ரேட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மின்விசிறி சுற்றியது. டம்ளரில் காபி பாதி இருந்தது, அதன் மேல் ஆடை படிந்திருந்தது, அவள் டம்ளரைத் தள்ளிவைத்தாள்.

வானி. ரெண்டு சுழி ன. அவள் பெயருக்கு மூன்று சுழி. பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் மூன்று சுழி, ஆதாரில் மூன்று சுழி, கோர்ட்டில் கொடுத்த விவாகரத்துத் தீர்ப்பு நகலில்கூட மூன்று சுழிதான். ரெண்டு சுழி போட்டு எழுதுகிற வீடு இந்த உலகத்தில் ஒன்றே ஒன்று. கல்யாணப் பத்திரிகையில் அப்படித்தான் அச்சாகி வந்தது, அவளைக் கட்டிக்கொண்ட சிவநேசன் தன் கையால் எழுதி அச்சகத்தில் கொடுத்தது, அவள் கூச்சத்தோடு சொன்னபோது, படிக்கத் தெரிஞ்சாப் போதும், உன் பேருக்குப் பரீட்சையா வைக்கப்போறாங்க என்று சிரித்தான், அப்போது அவளும் சிரித்தாள். ரேஷன் கடை நோட்டில், கேஸ் புக்கில், பீரோவுக்குள் அவன் ஒட்டிவைத்த காகிதத்தில், எல்லாவற்றிலும் ரெண்டு சுழி. யாராவது தெரியாமல் தப்பாக அடித்திருக்கலாமே, ஜனங்கள் எதைத்தான் சரியாக அடிக்கிறார்கள், வலையை வளை என்று அடிக்கிறார்கள், எச்சத்தை எட்சம் என்கிறார்கள், தப்பா எழுதுறவங்களையும் விட்டுடக்கூடாது நஸ்ரீன், அவங்க கையிலயும் காசு இருக்கு என்று அவள்தானே சொல்லிக்கொடுத்தாள். ஆனால் பக்கத்தில் துறையூர் இருக்கிறதே. தப்பாக அடித்த ஒரு அந்நியனுக்குத் துறையூர் எதற்கு? கோகிலவாணி என்ற பெயரில் வேறு ஒருத்தி துறையூரில் இருக்கக்கூடாதா, இருக்கலாம், இருந்தால் அவளை ஏன் புறா வலைக் கடையில் தேட வேண்டும்? யோசனை சுற்றிச் சுற்றி வந்து அதே இடத்தில் காலை இடித்துக்கொண்டது. மூன்று பன்னிரண்டு. மதியம் மூன்று மணிக்கு சிவநேசன் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பியிருப்பான். டிராக்டர் உதிரிபாகக் கடை, கல்லாவுக்குப் பின்னால் சுழல்நாற்காலி, மதியம் கூட்டம் இருக்காது, அந்த நேரத்தில்தான் அவன் போனை எடுத்துக்கொண்டு உட்காருவான்.

அவளுடைய போனைத்தான். கல்யாணமான மூன்றாவது மாதம் தொடங்கியது அது. சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் கை கால் கழுவிவிட்டு, டீ குடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் கையை நீட்டுவான், அவள் கொடுக்க வேண்டும். யாரிடம் பேசினாள் என்று பார்க்க மாட்டான், அதில் அவனுக்கு அக்கறை இல்லை. என்ன தேடினாள் என்று பார்ப்பான். ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்பான். ரவா லட்டு உடையாமல் பிடிப்பது எப்படி. சரி. குழந்தைக்குப் பல் முளைக்கும்போது காய்ச்சல். சரி. தபால் வழியில் பி.காம். இது எதுக்கு? சும்மா பாத்தேன். சும்மா யாரும் எதையும் தேடறதில்ல வாணி, மனசுல இல்லாதது கைக்கு வராது. அதைச் சொல்லும்போது அவன் குரல் உயராது, வாத்தியார் சந்தேகம் தீர்த்துவைப்பதுபோல இருக்கும், அதுதான் பயம், உயர்ந்தால்கூடத் தெரிந்துகொள்ளலாம், உயராத குரலில் எது எப்போது வரும் என்று தெரியாது. அப்புறம் அவள் தேடுவதற்கு முன்னால் யோசிக்கத் தொடங்கினாள், இந்தச் சொல்லை சாயங்காலம் அவன் வாசித்தால் எப்படிக் கேட்கும் என்று. தலைவலி என்று மட்டும் போடுவாள், தலையில் அடிபட்டால் என்று போட மாட்டாள். ஒருநாள் மறந்துபோய், மறக்கவில்லை, துணிந்துதான், திருச்சி பெண்கள் விடுதி என்று போட்டாள், போட்டுவிட்டு அழித்தாள், அழித்தது எங்கே நிற்கும் என்று அவளுக்கு அப்போது தெரியாது, அவனுக்குத் தெரிந்திருந்தது. மூன்று சொல்லையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தான். வா கடைக்குப் போய்ட்டு வரலாம் என்று பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டு. உள்ளே அனுப்பிவிட்டு ஷட்டரை இழுத்துவிட்டுப் போனான். கிரீஸ் வாசனை, இருட்டில் தொங்கிய பெல்ட்டுகள், வீட்டில் ஒன்றரை வயது ஆதிரை யாரிடம் இருக்கிறாள் என்பது தெரியாத நாலு மணி நேரம். அதற்குப் பிறகு அவன் செய்தவற்றை எல்லாம் வக்கீலிடம் சொல்ல முடிந்தது. அந்த நாலு மணி நேரத்தை மட்டும் அவளால் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை, அடிச்சாரா என்று வக்கீலம்மா கேட்டார், இல்ல மேடம், அடிக்கல என்றாள், அவர் பேனாவை மூடிவிட்டார்.

ஜெபராஜ் சாரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் நல்ல மனுஷன். "எழுதினது யாருன்னு பேரும் ஊரும் முகமும் இருந்தாத்தான் வாணி, படிக்கிறவனும் நம்புவான், கூகுளும் நம்பும், ஆளே இல்லாத கட்டுரைய எவன் மேல ஏத்துவான்" என்றார். அவள் தலையாட்டினாள், போடுங்கள் என்று சொல்லவில்லை, போடாதீர்கள் என்றும் சொல்லவில்லை. ஆதிரைக்கு அம்மை போட்டு ஒரு வாரம் லீவில் இருந்தபோது அவரே அவளுடைய பயோடேட்டாவைப் பார்த்து எழுதிப் போட்டுவிட்டார். துறையூரைச் சொந்த ஊராகக் கொண்ட பூ. கோகிலவாணி, ஓசூரில் வசிக்கிறார், பறவைகளுக்குத் தீங்கில்லாத பால்கனிப் பாதுகாப்பு பற்றித் தமிழில் தொடர்ந்து எழுதிவருகிறார். பக்கத்தில் அடையாள அட்டைப் படம். திரும்பி வந்து அதைப் பார்த்த அன்றைக்கே எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், ஆபீசில் எல்லோரும் அவள் புருஷன் துபாயில் இருக்கிறான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, அதுகூடக் காரணம் இல்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. தன் பெயர், மூன்று சுழியோடு, தான் எழுதியதற்குக் கீழே, பார்க்க அழகாக இருந்தது, இரண்டு மூன்று தடவை யாரும் பார்க்காதபோது திறந்து திறந்து பார்த்தாள். அந்த அற்ப சந்தோஷத்துக்குத்தான் இது. புத்தி கெட்டவள். ஓசூர் என்று ஊரைக்கூட எழுதிவைத்துக்கொண்டு, எங்க போனாலும் கண்டுபிடிச்சிருவேன் என்று கோர்ட்டு வராந்தாவில் அவள் காதருகே மெல்லச் சொல்லிவிட்டுப் போனவனுக்கு விலாசம் எழுதிக் கொடுத்ததுபோல. அவள் வெப்சைட்டைத் திருத்தும் உள்பக்கத்தைத் திறந்தாள், படத்தை எடுத்தாள், பெயரை எடுத்தாள், துறையூரை எடுத்தாள், ஓசூரை எடுத்தாள், சேமி என்பதை அழுத்தினாள். விரல் வேர்த்து மவுஸ் வழுக்கியது. எடுத்தால் போய்விடுமா? தேடலில் பழைய பிரதி நாலு நாள் நிற்கும், பத்து நாளும் நிற்கும், அதுவும் அவள் வேலை செய்த பக்கம், ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்து வைத்து ஏழாம் இடத்திலிருந்து முதல் இடத்துக்கு ஏற்றிய பக்கம், அவள் பெயரை யார் போட்டாலும் முதலில் வந்து நிற்கும். போட்டிக்கு யார் இருக்கிறார்கள்? துறையூர் கோகிலவாணியை வேறு யார் எழுதியிருக்கிறார்கள்?

இன்னொரு பக்கம் இருக்கிறது, இந்த நிமிஷம் வெப்சைட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்த ஊரிலிருந்து, எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும், சாதாரணமாக அவள் அதைத் திறப்பதே இல்லை, சின்னக் கடை, இரண்டு பேர் இருந்தால் அதிகம். திறந்தாள். ஒன்று என்று இருந்தது. ஊர், திருச்சிராப்பள்ளி. பக்கம், கட்டுரையாளர் அறிமுகம். துறையூரில் இருந்து பார்த்தாலும் திருச்சி என்றுதான் காட்டும், அந்தப் பக்கத்து ஊர் எல்லாமே திருச்சிதான் அதற்கு. அவள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள், திரைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிடுவான் என்பதுபோல. இப்போதுதான் அழித்தாள், ஆனால் அவன் முன்னாலேயே திறந்து வைத்திருக்கிறான், திறந்தவன் கையில் இருப்பதை எப்படி அழிப்பது? இந்த நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இளைத்திருக்கிறாள், முடியைக் குறைத்திருக்கிறாள், பொட்டு சின்னது. அடுத்து என்ன தேடுவான்? அவளை அறியாமல் கை பேப்பரை இழுத்து வேலைக்குப் பட்டியல் போடுகிறதுபோல எழுதத் தொடங்கியது. கோகிலவாணி ஓசூர். புறா வலை ஓசூர் ஆபீஸ் எங்கே. ஓசூர் பஸ் நிலையத்திலிருந்து எத்தனை தூரம். ஆதிரை என்று எழுதிவிட்டு அதற்குமேல் எழுத முடியாமல் பேனா நின்றது. ஆதிரை, ஏழு வயது, பள்ளிக்கூடம், ஓசூர். தேடுகிறவன் சொல்லை வைத்து அவனுக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்கிறதுதான் உன் தொழில் என்கிறாயே, சொல், இவனுக்கு என்ன வேண்டும்? அவள் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள். பள்ளிக்கூட ஆபீசில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்த பெண் நிதானமாக, "சொல்லுங்க மேடம்" என்றாள். "ஆதிரை, ரெண்டாம் வகுப்பு பி செக்‌ஷன். இன்னிக்கு அவளை யார் வந்து கூப்பிட்டாலும் அனுப்பாதீங்க. நான் வந்தாத்தான்." "ஐ.டி. கார்டு காட்டாம நாங்க யாரோடயும் அனுப்பறதில்ல மேடம்." "அப்பான்னு சொன்னாலும் அனுப்பாதீங்க."  "அப்பா வந்தா எப்படி மேடம் இல்லன்னு சொல்றது?" "இல்லன்னு சொல்லுங்க. நான் எழுதிக் குடுக்கறேன். கெஞ்சிக் கேக்கறேன்."  படிக்கட்டுக்குக் கீழே ஒருத்தன் வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினான், வேறு யாரோ, வழுக்கைத் தலை, மாடிக்குக்கூட வரவில்லை. அண்ணனுக்குப் போன் செய்யலாமா? ஓசூர் என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான், பெரம்பலூரில் இருக்கிறான், செய்தால் ஐயோ நான் சொல்லலியே வாணி என்பான், உடனே அண்ணி பக்கத்திலிருந்து என்னவாம் என்பாள். என்ன செய்வார்கள் அவர்கள். திரும்ப வந்து உட்கார்ந்தபோது ஒன்று இன்னும் ஒன்றாகவே இருந்தது. ஊர் மாறவில்லை. பக்கம் மட்டும் மாறியிருந்தது. தொடர்புக்கு, என்று.

தொடர்புக்கு என்ற பக்கத்தில் ஒரே ஒரு நம்பர். வலைக்கடைக்காரருக்குப் போன் எடுத்துப் பேசச் சலிப்பு, அதனால் விசாரணைப் போனெல்லாம் இந்த ஆபீஸ் லேண்ட்லைனுக்குத்தான் வரும், நஸ்ரீன் எடுப்பாள், அளவும் விலாசமும் குறித்து அனுப்புவாள். நஸ்ரீனிடம் சொல்ல வேண்டும், என்னைக் கேட்டால் இல்லை என்று சொல், அப்படி ஒரு ஆளே இல்லை என்று சொல். வாய் திறப்பதற்குள் போன் அடித்தது. அடிக்கிற சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, திரையில் அந்த ஒன்று அசையாமல் நின்றது, போன் அடித்தது. நஸ்ரீன் எடுத்து வழக்கம்போல வணக்கம் சொன்னாள், கேட்டாள், ம் ம் என்றாள், ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "வாணிக்கா, ஒரு லேடி. புறா வலை பத்தி எழுதினவங்க கிட்டத்தான் கேக்கணுமாம். என்கிட்டச் சொல்லுங்கன்னாலும் மாட்டேங்குறாங்க" என்றாள். லேடி. மூச்சு ஒரு கணம் இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டது. லேடி என்றால் அவன் இல்லை என்று அர்த்தமா? அவளையே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவள் அண்ணனுக்குப் போன் போடவைத்து, நல்லா இருக்கேண்ணே, ஒண்ணும் பிரச்சனை இல்லண்ணே என்று சொல்லவைத்தவன்தானே. அவனுக்குக் குரல் கிடைப்பது கஷ்டமா? நான் இல்லைன்னு சொல்லு என்று உதடு மட்டும் அசைந்தது. நஸ்ரீனுக்குப் புரியவில்லை. "அழறாப்புல இருக்குக்கா" என்று சொல்லி ரிசீவரை நீட்டினாள்.

"சொல்லுங்க" என்றாள். அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, ஓடி நின்றது, மறுபடி ஓடியது. "புறா வலை... அது ரொம்ப நாள் வருமா?" என்று இளம் குரல். அஞ்சு வருஷம் வரும்மா. "ம்."  பிறகு குரல் இறங்கியது. "அக்கா, நீங்கதானே துறையூர் கோகிலவாணி?" இல்லை என்றாள். யோசிக்காமல், வீட்டில் தீப்பெட்டி இருக்கா என்று கேட்டால் சொல்கிற மாதிரி. "வைச்சிராதீங்கக்கா. என் பேர் சுகந்தி. முசிறி. எனக்கும் சிவநேசனுக்கும் அடுத்த புதன்கிழமை கல்யாணம்." கோகிலவாணி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பொய். பொய்யாகத்தான் இருக்கும். கல்யாணம் என்று சொன்னால் அவள் மனசு இளகும் என்று அவனுக்குத் தெரியும், பக்கத்திலேயே காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று பேப்பரில் எழுதிக் காட்டிக்கொண்டிருப்பான், ரெண்டு சுழி போட்டு. "அவர் பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டுவிட்டாள், கேட்ட பிறகுதான் தெரிந்தது, கேட்டதிலேயே எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாயிற்று. "இல்லக்கா. நான் வேலை பாக்குற ஜெராக்ஸ் கடையிலேருந்து பேசறேன். பத்திரப்பதிவு ஆபீசுக்கு எதுத்தாப்புல." தூரத்தில் யாரோ, ஆதார் ரெண்டு பக்கமும் எடும்மா, என்றார்கள். அதையும் ஏற்பாடு செய்யலாம். "என் பேர் எப்படித் தெரியும்?" "பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி வீட்டைப் பாக்கக் கூட்டிட்டுப் போனாங்க. சமையல்கட்டு அலமாரியில தட்டுக்குக் கீழ பழைய கல்யாணப் பத்திரிகைய விரிச்சிருந்தாங்க. அதுல இருந்துச்சு. கூகுள்ல போட்டேன், நீங்க தேடறது இவங்களான்னு அதுவே திருத்தி வலைக்கடையைக் காட்டுச்சு, அங்க இருந்த பெட்டியிலயும் போட்டுப் பாத்தேன். நேத்துலேருந்து உங்க போட்டோவப் பாத்துட்டே இருக்கேன்கா."

 பேசாமல் வைத்துவிடலாம். ஆதிரையைக் கூட்டிக்கொண்டு வேறு ஊர் போகலாம், சேலம், கோயம்புத்தூர், மறுபடி வீட்டு அட்வான்ஸ், மறுபடி பள்ளிக்கூடம், மறுபடி புருஷன் துபாயில். இந்தப் பெண் சாயங்காலமே அவனிடம் உளறிவிடுவாள், உங்க மொத சம்சாரத்தோட பேசினேங்க என்று, நல்லது செய்கிறதாக நினைத்துக்கொண்டு. எதிர்ப்பக்கம் மூச்சுச் சத்தம். "ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வச்சிடறேன்கா. அவரு என் போனை வாங்கிப் பாக்குறாரு. நிச்சயம் ஆனதுலேருந்து, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வர்றாரு, வந்தா வாங்கி, நான் என்ன தேடினேன்னு சத்தமா படிக்கிறாரு. வீட்டுல சிரிக்கிறாங்க, மாப்பிள்ளைக்கு உன் மேல அவ்ளோ ஆசைங்கறாங்க. கல்யாணம் ஆனா அது நின்னுருமாக்கா?" இயந்திரம் நின்றது. கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றரை வருடமாகச் சொற்களைப் பார்க்கிறாள், எந்தச் சொல் யார் கையிலிருந்து வரும், எது வராது என்று அவளுக்கு ஓரளவுக்குத் தெரியும். இந்தக் கேள்வியை சிவநேசன் எழுதிக்கொடுத்திருக்க முடியாது. நிற்க வேண்டிய ஒன்றாக அவன் அதை நினைத்ததே இல்லை. "நிக்காதும்மா" என்றாள். தன் குரல் இவ்வளவு தெளிவாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "நிக்காது. கொஞ்ச நாள் கழிச்சு நீ தேடறதை நிறுத்திடுவ. அப்புறம் நினைக்கறதை நிறுத்திடுவ. அதுக்கப்புறமும் அவன் கையை நீட்டுவான்." அவள் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "உங்க வீட்டுல என்ன சொன்னாங்க என்னைப் பத்தி?" "உங்களுக்குப் புத்தி சரியில்லைன்னு. குழந்தையத் தூக்கிட்டு ஓடிட்டீங்கன்னு." "அவன் அடிப்பானான்னு நீ கேக்கலியே?" "அடிப்பாராக்கா?" "அடிப்பான். ஆனா நீ கேட்டியே, அதுதான் மொதல்ல."

அந்தப் பக்கம் ரிசீவரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது, துண்டிக்கவில்லை, வைத்துவிட்டு நகர்ந்திருக்கிறாள். "அப்பா" என்று கூப்பிடுவது தள்ளிக் கேட்டது. "அப்பா, அந்தப் பதிவாபீஸ் ஐயாவுக்கு அப்புறமா பத்திரிகை வைக்கலாம். ஒரு நிமிஷம் உள்ள வாங்க." வேண்டாம், வேண்டாம், சுகந்தி, அவர்கிட்டக் குடுக்காத, என்று கோகிலவாணி ரிசீவருக்குள் சொன்னாள், நஸ்ரீன் திரும்பிப் பார்த்தாள், ஜெபராஜ் சார் கண்ணாடி அறைக்குள்ளிருந்து தலையைத் தூக்கினார். பெண்ணிடம் சொல்வது வேறு. பெண்ணைப் பெற்றவன், பத்திரிகை அடித்தவன், ஊரெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு வைத்துக்கொண்டிருக்கிறவன், அவன் ஏன் நம்ப வேண்டும்? மண்டபத்துக்குக் கொடுத்தாயிற்று, சமையல்காரனுக்குக் கொடுத்தாயிற்று, எங்கேயோ இருந்து ஒரு புத்தி சரியில்லாதவள் பேசுகிறாள். போனை வைத்த கையோடு மாப்பிள்ளையைக் கூப்பிடுவான், ஓசூரிலிருந்து உங்க மொத சம்சாரம் பேசுதுங்க, என்ன விஷயம் என்று. ஐந்தரை மணி நேரம் பஸ், காரில் வந்தால் அதைவிடக் குறைவு, பள்ளிக்கூடம் விடுவதற்குள் வந்துவிடலாம். வைத்துவிடு. இப்போது வைத்துவிட்டால்கூடப் பாதி தப்பிக்கலாம், வேறு யாரோ விளையாடினார்கள் என்று போகும், கையைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும். கை தாழவில்லை, அது தைரியத்தால் அல்ல, விரல்கள் ரிசீவரைச் சுற்றி விறைத்துப்போயிருந்தன. செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. பிளாஸ்டிக் பை சரசரத்தது. வெளியில் நின்றே பேசிப் பழகிய ஒரு ஆணின் கனத்த குரல், காதுக்குள் நேராக, "அலோ, யாரும்மா பேசறது?" என்றது. யாரும்மா. மூன்று வருடமாக யாரிடமும் முழுதாகச் சொல்லாத பதில். நஸ்ரீன் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சார் எழுந்து கதவருகே வந்துவிட்டார். 

"என் பேர் கோகிலவாணி" என்றாள். "நீங்க பாத்திருக்கிற மாப்பிள்ளை சிவநேசனுக்கு மொதல்ல கட்டிக்குடுத்த பொண்ணு. எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. நான் சொல்றத முழுசாக் கேட்டுட்டு, அப்புறம் நீங்க என்ன வேணா முடிவு பண்ணுங்க. நான் எங்க இருக்கேன்னு மட்டும் அவன்கிட்டச் சொல்லிடாதீங்க ஐயா. எனக்கு ஏழு வயசுல பொண்ணு இருக்கு."  அந்தப் பக்கம் இயந்திரம் ஓடவில்லை. போய்விட்டாரா, வேறு போனை எடுக்கிறாரா, நம்பரைத் தேடுகிறாரா. யாரோ, எவ்வளவும்மா ஆச்சு, என்று கேட்க, இருங்கண்ணே, என்று சுகந்தி அதட்டுவது கேட்டது. "இரும்மா" என்றார் அவர் கடைசியில், அவளிடம்தான். பையைக் கீழே வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போடும் சத்தம் சிமெண்டுத் தரையில் கீறிக்கொண்டு வந்தது. "உக்காந்துட்டேன். நீ பயப்படாமச் சொல்லு." பயம் போகவில்லை, போகப்போவதும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நஸ்ரீன் மெல்ல எழுந்து தன் நாற்காலியை இவளுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டு உட்கார்ந்து, தோளில் கைவைத்தாள். கோகிலவாணி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, ஷட்டரை அவன் இழுத்துவிட்டதிலிருந்து, சொல்லத் தொடங்கினாள்.